வெள்ளை நூல் கட்டிய குப்பி

மூதூர்
22.11.1999

தம்பி ஜவாஹிருக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும்.

ஐந்து வருடமாக உனக்கு எழுதாத கை இது. இன்றைக்கும் உனக்காக எழுதவில்லை. தானாடாவிட்டாலும் தன் தசை ஆடும் என்பார்களே, அந்தத் தசை என் மகள் லைலா. அவளுக்காக எழுதுகிறேன்.

நடந்ததை நான் மறந்துவிட்டேன் என்று நினைத்துவிடாதே. என் புருசன் ஸஹாப்தீன் மச்சானின் தங்கையை உனக்குப் பேசி, கலியாணக் காவினுக்கு நாளும் குறித்த பிறகு, நீ கொழும்பில் ஒருத்தியை முடித்துக்கொண்டு நின்றாய். நீ வெள்ளைக் கோட்டுப் போட்டுக்கொண்டு லெபோரட்டரிக்குப் போய்விட்டாய். இந்த வீட்டில் மாமி வாயிலிருந்து வந்ததையெல்லாம் கேட்டுக்கொண்டு சோறு ஆக்கியவள் நான்தான்.

நீ கடைசியாகப் பார்த்தபோது லைலாவுக்கு நாலு வயது. இப்போது ஒன்பது. இரண்டு மாதமாகக் காய்ச்சல் விட்டு விட்டு வருகிறது. கழுத்தில் நெல்லிக்காய் அளவில் கட்டிகள். காலில் எங்கேயும் இடிபடாமலே கன்றிப்போன தழும்புகள். லோஞ்ச் படகில் ஏற்றித் திருமலை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். டொக்டர் இரத்தத்தைக் கண்ணாடியில் வைத்துப் பார்த்துவிட்டு, "வெண்குழியம் கூடிக் கிடக்கு, உருவமும் சரியில்ல. கிருமிக் காய்ச்சலிலும் இப்பிடி வரும், இரத்தப் புற்றுநோயிலும் வரும். கண்ணால பார்த்துப் பிரிக்க ஏலாது. கொழும்பில அதுக்கொரு மெசின் வந்திருக்கு" என்றார்.

அந்த மெசினில் வேலை செய்பவன் என் தம்பி என்று நான் அவரிடம் சொல்லவில்லை. ஏதோ ரோசம் வாயை அடைத்துவிட்டது. வீட்டுக்கு வந்து பிள்ளையின் தலையைத் தடவியபோது, என்ன ரோசம் இது என்று என்மீதே ஆத்திரம் வந்தது.

கடிதம் கொண்டு வருபவர் எங்கள் மீன் லொறி ஓட்டும் சரீப் நானா. பதிலை அவர் கையிலேயே கொடு. மச்சானுக்கு இது தெரியாது.

ஸல்ஹா


கொழும்பு, தெமட்டகொடை
29.11.1999

அன்பின் ராத்தா,

வஅலைக்கும் ஸலாம். கடிதத்தைச் சரீப் நானாவின் லொறிக்குப் பக்கத்தில் நின்றே வாசித்தேன். கலியாண விசயத்துக்கு என்னிடமும் சொல்ல இருக்கிறது. அதை இப்போது எழுதப்போவதில்லை.

லைலாவை உடனே இங்கே கொண்டு வாருங்கள். டொக்டர் சொன்னது சரி. வெண்குழியங்களில், அதாவது இரத்தத்தின் வெள்ளை அணுக்களில், பல இனம் உண்டு. கண்ணாடியில் எல்லாம் ஒன்றுபோலத்தான் தெரியும். எங்களிடம் ஒரு மருந்து வந்திருக்கிறது, அன்டிபொடி என்கிற பிறபொருளெதிரி. மொனோகுளோனல் என்பார்கள். ஒரே ஒரு கலத்தின் வழியில் பெருக்கி எடுத்ததால், அது ஒரே ஒரு அடையாளத்தில் மட்டும்தான் போய் ஒட்டும், வேறொன்றைத் தொடாது. அதன் முதுகில் ஒரு சாயம் ஏற்றியிருக்கிறது. மெசினுக்குள் குழியங்கள் ஒவ்வொன்றாக லேசர் வெளிச்சத்தைக் கடந்து போகும்போது, மருந்து ஒட்டியவை மினுங்கும். எந்த இனம் எவ்வளவு என்று அதிலிருந்து சொல்லலாம்.

கிருமிக் காய்ச்சல் என்றால் தானாக மாறும். புற்றுநோய் என்றால் உடனே மருந்து தொடங்க வேண்டும். நேரத்துக்குத் தொடங்கிய பிள்ளைகள் பலர் பிழைத்திருக்கிறார்கள். பிந்தினால் இல்லை. இதைச் சுற்றி வளைத்துச் சொல்ல எனக்குத் தெரியவில்லை.

என் வீட்டில் தங்கலாம். மச்சானுக்கு விருப்பமில்லை என்றால் வேறு இடம் பார்த்துத் தருகிறேன்.

ஜவாஹிர்


மூதூர்
08.12.1999

தம்பிக்கு,

ஸலாம். மச்சானிடம் சொல்லிவிட்டேன். சொல்லாமல் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஓட நான் என்ன கொழும்புக்காரியா?

அவர் மீன் பெட்டியைக் கழுவிக்கொண்டிருந்தார். கேட்டுவிட்டு, "ஸஹாப்தீன்ட தங்கச்சிய வேணாமெண்டவன்ட வாசல்ல ஸஹாப்தீன் போய் நிக்கணுமா? அது வெறுங் காய்ச்சலெண்டா ஊரெல்லாம் சிரிக்கும்" என்றார். பிறகு, "புத்துநோயெண்டு எழுத்தில கொண்டா. அவன்ட கால்லயும் விழுறன்" என்றார். அவர் கல்நெஞ்சுக்காரர் இல்லை. விடியும்வரை லைலாவின் காலைப் பிடித்துவிட்டுக்கொண்டு இருப்பவர் அவர்தான். ஆனால் அவருக்கு ஒரு தங்கை இருக்கிறாள், இன்னும் கரைசேராமல்.

நான் தனியாக வரவும் வழியில்லை. மாமி பாரிசவாதத்தில் படுத்துவிட்டார். கொழும்புக்குப் பாஸ் எடுக்கவே இரண்டு கிழமை வேண்டும். காய்ச்சல் பிள்ளையை ஒவ்வொரு ஆமிச் சென்றியிலும் இறக்கி ஏற்றி எப்படிக் கொண்டு வருவது?

இரத்தத்தை மட்டும் அனுப்பினால் போதாதா? மீன் போகிற வழியால் இரத்தம் போகாதா? பதில் எழுது. நோன்பும் வந்துவிட்டது, துஆ கேட்கிற காலம். நீயும் கேள்.

ஸல்ஹா


கொழும்பு
14.12.1999

அன்பின் ராத்தா,

பச்சை இரத்தம் ஒரு நாளுக்குள் எங்கள் கைக்கு வரவேண்டும். சரீப் நானாவின் லொறி ஹபறணைச் சோதனையில் மட்டும் சிலவேளை ஒரு நாள் நிற்கிறது என்கிறார். ஆகவே இரத்தம் மருந்தைத் தேடி வராமல், மருந்தை இரத்தத்திடம் அனுப்புகிறேன். இந்த மருந்து எங்களுக்கும் புதிது. இப்படி யாரும் இங்கே செய்ததில்லை. எங்கள் லெபோரட்டரிப் பெரியவரிடம் கெஞ்சித்தான் அனுமதி வாங்கினேன்.

பெட்டிக்குள் இரண்டு சிறிய குப்பிகள் இருக்கின்றன. இரண்டிலும் மருந்து ஏற்கெனவே போட்டிருக்கிறது. குளிராக இருக்க வேண்டும், ஆனால் ஐஸ் படக்கூடாது. வெளிச்சமும் படக்கூடாது, அதனால்தான் கறுப்புக் கடதாசி. அங்குள்ள ஆஸ்பத்திரியில் தெரிந்த நேர்ஸ் யாரையாவது பிடியுங்கள். சிவப்பு நூல் கட்டிய குப்பியில் லைலாவின் இரத்தம், கோடு வரைக்கும். வெள்ளை நூல் கட்டிய குப்பியில் உங்கள் இரத்தம், அதே அளவு. இருட்டில் சற்று வைத்துவிட்டு, மூன்றாவது போத்தலில் உள்ள தண்ணீரை இரண்டிலும் பாதிப் பாதி ஊற்றி மூடச் சொல்லுங்கள். அது குழியங்களை அப்படியே பிடித்து வைக்கும். நாலைந்து நாள் தாங்கும்.

இதில் எதையும் மாற்ற வேண்டாம். சொன்னபடி செய்யுங்கள்.

ஜவாஹிர்


மூதூர்
19.12.1999

தம்பிக்கு,

குப்பிகள் வருகின்றன. நேர்ஸ் கனகமணி மிஸ்ஸிதான் வீட்டுக்கு வந்து இரத்தம் எடுத்தார். தெரியும்தானே, முன்பு சேனையூரில் இருந்தவர், இப்போது இங்கே ஆஸ்பத்திரியில். லைலா அழவில்லை. "மாமாட மெசினுக்கா?" என்று மட்டும் கேட்டாள். உன் முகம் அவளுக்கு ஞாபகம் இல்லை. ஆனால் மாமாவிடம் ஒரு மெசின் இருப்பதாகத் தெருவெல்லாம் சொல்லி வைத்திருக்கிறாள்.

ஒரு சங்கடம் நடந்துவிட்டது. மச்சானே குப்பிகளை லோஞ்சில் கொண்டுபோனார். இறங்குதுறைச் சென்றியில் ஆமிக்காரன் கறுப்புக் கடதாசியைக் கண்டதும் விடவில்லை. கடதாசியைக் கிழித்து, குப்பிகளை வெயிலில் தூக்கித் தூக்கிப் பார்த்தானாம். மச்சான் தனக்குத் தெரிந்த சிங்களத்தில், "லமயாகே லே, மாத்தயா" என்று கையெடுத்துக் கும்பிட்டாராம். பிள்ளையின் இரத்தம் என்று தெரிந்ததும் அவனே பயந்து கீழே வைத்துவிட்டானாம். மச்சான் தன் சேர்ட்டைக் கழற்றிச் சுற்றித்தான் சரீப் நானாவிடம் கொடுத்திருக்கிறார். உன் பெயரைச் சொன்னால் எழும்பிப் போகிற மனிதர், உன் குப்பிக்காக வெறும் மேலோடு வீட்டுக்கு வந்தார்.

வெயில் பட்டதால் பழுதாகுமா? பழுதென்றால் மறைக்காமல் எழுது.

ஸல்ஹா


கொழும்பு
26.12.1999

அன்பின் ராத்தா,

அல்ஹம்துலில்லாஹ். முதலில் அதைச் சொல்லிவிடுகிறேன். லைலாவுக்குப் புற்றுநோய் என்று சொல்ல எதுவும் இல்லை.

குப்பிகள் நாலாம் நாள் வந்தன. முதலில் சிவப்பு நூல் குப்பியை மெசினில் ஓட்டினேன். திரையில் புள்ளிகள் இருக்க வேண்டிய இடத்தில் இல்லை. மினுங்க வேண்டியவற்றில் பெரும்பகுதி மங்கிக் கிடந்தது. சற்று நேரம் எழும்பி வெளியே போய் நின்றேன். பிறகு வெள்ளை நூல் குப்பியை ஓட்டினேன், உங்களுடையதை. அதுவும் அச்சொட்டாக அப்படியே வந்தது. அதே மங்கல், அதே இடப்பெயர்வு.

விளங்குகிறதா? சுகமாக இருக்கிற உங்கள் இரத்தம்தான் எனக்கு அளவுகோல். பிள்ளையின் குழியங்கள் கெட்டிருந்தால் உங்களுடையதற்கும் அவளுடையதற்கும் வித்தியாசம் தெரிந்திருக்கும். இரண்டும் ஒன்றாக இருப்பதால், அந்த மங்கல் வெயிலும் வழியும் செய்த வேலை. நோயின் வேலை இல்லை. பெரியவருக்கும் காட்டினேன், அவரும் அதையே சொன்னார். திருமலை டொக்டருக்கு ஒரு கடிதம் வைத்திருக்கிறேன். கிருமிக் காய்ச்சலுக்குப் பார்த்தால் போதும்.

ராத்தா, நான் அழுதேன். ஐந்து வருடமாக உங்களுக்கு நான் செய்த ஒரே நல்ல காரியம் இதுதான்.

ஜவாஹிர்


மூதூர்
10.01.2000

என் உயிர்த் தம்பிக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும், பெருநாள் முபாறக்.

உன் கடிதத்தைப் படித்துவிட்டு நான் அடுப்படியிலேயே ஸுஜூதில் விழுந்தேன். பெருநாளுக்கு லைலாவுக்கு நீலச் சட்டை தைத்தோம். கொஞ்சம் மெலிவுதான், காய்ச்சலும் முற்றாக விடவில்லை. டொக்டர் உன் கடிதத்தைப் பார்த்துவிட்டுக் குளிசை தந்திருக்கிறார். வட்டிலப்பம் இரண்டு துண்டு தின்றாள்.

இன்னொன்று கேள். பெருநாள் தொழுதுவிட்டு வந்து மச்சான், "உன்ட தம்பிய வரச் சொல்லு. நடந்தது நடந்து போச்சு" என்றார். மாமி திரும்பிப் படுத்துக்கொண்டார், ஆனால் மறுத்துப் பேசவில்லை. நீ உன் பெண்சாதியையும் கூட்டிக்கொண்டு வா. மச்சான் பாரைமீனாக எடுத்து வைப்பார்.

உன்னைக் கொஞ்சம் கேலி பண்ணாமல் விட மனமில்லை. எழுதினவன் ஏட்டைக் கெடுத்தான், படித்தவன் பாட்டைக் கெடுத்தான் என்பது உனக்குத்தான் பொருந்தும். என் இரத்தமும் லைலாவின் இரத்தமும் அச்சொட்டாக ஒன்று என்று பெரிய ஆராய்ச்சியாக எழுதியிருக்கிறாய். ஒன்றாகத்தானே இருக்கும், இரண்டும் லைலாவின் கையிலிருந்து எடுத்தது. நான் அன்றைக்கு நோன்பு. பிடித்த நோன்பில் ஒன்றைக்கூட முறிக்க மாட்டேன், என் பிள்ளையைச் சுகப்படுத்து றப்பே என்று நேர்ந்திருந்தேன். இரத்தம் எடுத்தால் நோன்பு முறியும் என்று ஒரு பேச்சு, முறியாது என்று ஒரு பேச்சு. அவளுக்காக நேர்ந்த நோன்பில் நான் எப்படிச் சூது விளையாடுவது? நோன்பு திறந்த பிறகு எடுக்கலாம் என்றால் ஊரடங்கு, மிஸ்ஸி வெளியே வர ஏலாது. நீ ஏன் என் இரத்தத்தைக் கேட்டாய் என்றும் எழுதவில்லை. ராத்தாவின் உடம்பையும் ஒருமுறை பார்த்துவிடுவோம் என்று நினைத்தாய் போலும் என்று எண்ணிக்கொண்டேன். "தம்பி அப்பிடித்தான் சொன்னவரா?" என்று மிஸ்ஸி கேட்டார். "ஓம், ரெண்டையும் பிள்ளையிட்டயே எடுங்க" என்றேன்.

அதனால் என்ன, என்னுடையது நல்ல இரத்தம் என்று நீ எழுதியதும் அவளுடையதுதான். ஆகவே அவளுக்கு இரண்டு மடங்கு சுகம். அல்லாஹ் என் நோன்பை ஏற்றுக்கொண்டான்.

எப்போது வருகிறாய்?

உன் ராத்தா
ஸல்ஹா


திருகோணமலை, இறங்குதுறை
15.01.2000

ராத்தா,

உங்கள் கடிதம் கிடைத்த அன்றே பஸ் ஏறினேன். லோஞ்ச் ஓடவில்லை. துறைமுகத்தில் வெடிச்சத்தம் கேட்டதாம், மூன்று நாளாகக் குடாவில் ஒரு வள்ளமும் விடவில்லை. கிண்ணியா வழியால் போகப் பார்த்தேன், அங்கேயும் திருப்பிவிட்டார்கள். இங்கிருந்து பார்த்தால் மூதூர்க் கரை தெரிகிறது.

லைலாவை எப்படியாவது இக்கரைக்குக் கொண்டு வாருங்கள். அந்தப் பரிசோதனையைத் திரும்பச் செய்ய வேண்டும். மெசினில் ஒரு கோளாறு இருந்திருக்கிறது, இப்போதுதான் கண்டுபிடித்தோம். உங்களால் ஒன்றும் இல்லை. மச்சானிடம், நான் அவர் காலில் விழுகிறேன் என்று சொல்லுங்கள். எழுத்தில் கேட்டாரே, இதுதான் எழுத்து: புற்றுநோயாக இருக்கலாம். ஒரு நாளும் பிந்த வேண்டாம்.

இங்கே ஒரு தெரிந்தவரின் கடையில் இருக்கிறேன். லீவு முடியும்வரை ஒவ்வொரு நாளும் துறையில் நிற்பேன். இந்தக் கடிதத்தை, வள்ளம் விட்டதும் முதலில் போகிற மீன்காரரிடம் கொடுக்கும்படி சொல்லியிருக்கிறேன்.

ஜவாஹிர்


மூதூர்
12.02.2000

ஜவாஹிருக்கு,

லைலா மௌத்தாகிவிட்டாள். உனக்குத் தந்தி கிடைத்திருக்கும். கிடைக்காவிட்டால் இதுதான் செய்தி.

நீ துறையில் எழுதிய கடிதம் பத்து நாள் கழித்து வந்தது. வந்தபோது அவளுக்கு மூக்கால் இரத்தம் போய்க்கொண்டிருந்தது. மச்சான் வாசித்துவிட்டு அவளைத் தூக்கிக்கொண்டு துறைக்கு ஓடினார். மீன் வள்ளத்துக்கு விட்டார்கள், ஆள் ஏற்ற விடவில்லை. திரும்பக் கொண்டு வந்தார். அடுத்த நாளும் கொண்டுபோனார். மூன்றாம் நாள் கொண்டுபோகத் தேவை இருக்கவில்லை.

ஐந்தாம் நாள் கத்தம் ஓதலுக்குக் கனகமணி மிஸ்ஸி வந்திருந்தார். குசினியில் என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார். பிறகு சொன்னார்: "ஸல்ஹா, கேக்கக் கூடாது, ஆனா எனக்கு நித்திரை வருகுதில்ல. உங்கட தம்பி ரெண்டாவது குப்பி உங்கட இரத்தமெண்டு நினைச்சுத்தானே பார்த்திருப்பார்? சுகமான ஆளின்ர இரத்தத்தோட ஒப்பிட்டுப் பார்க்கத்தானே கேட்டிருப்பார்? நோயை நோயோடயே வைச்சுப் பார்த்தா வித்தியாசம் எப்பிடித் தெரியும்? நான் அண்டைக்கே மறுத்திருக்க வேணும்."

உன் டிசம்பர்க் கடிதத்தை எடுத்துத் திரும்ப வாசித்தேன். அளவுகோல் என்று எழுதியிருக்கிறாய். அன்றைக்கு அது எனக்கு வெறும் சொல்லாகத்தான் இருந்தது.

மௌலவியிடம் ஆள் விட்டுக் கேட்டேன். அவ்வளவு இரத்தம் எடுத்தால் நோன்பு முறியாது என்றாராம்.

மையித்து எடுத்த நாளிலிருந்து நான் தொழவில்லை. முஸல்லாவை விரிக்கிறேன். நிற்க முடியவில்லை. அவனிடம் பிள்ளையைக் கேட்டு நோன்பு பிடித்தேன், அந்த நோன்பையே எடுத்து அவள் கழுத்தில் போட்டேனா? மச்சானுக்கு மிஸ்ஸி சொன்னது தெரியாது. தெரிந்தால் என்னை ஒன்றும் செய்யமாட்டார், அதுதான் பயம்.

மெசின் கோளாறு என்று நீ எழுதியதை நான் நம்பவில்லை. என்னைப் பிள்ளையாக நினைத்துப் பேய்க்காட்டாதே. ஒன்றே ஒன்று கேட்கிறேன், அல்லாஹ்வின் மீது ஆணையிட்டுப் பதில் எழுது. என் நோன்புதானா என் பிள்ளையைக் கொன்றது? ஓம் என்றால் ஓம் என்று எழுது.

ஸல்ஹா


கொழும்பு
20.02.2000

ராத்தா,

வல்லாஹி, இல்லை.

மெசின் கோளாறு என்று எழுதியது பொய். என் பிழையை மறைக்க எழுதினேன். நீங்கள் கேட்டதால் இப்போது உள்ளதை எழுதுகிறேன்.

இரண்டாவது குப்பி யாருடையது என்பதில் ஒன்றும் தங்கியிருக்கவில்லை. அளவுகோல் என்று எழுதியது பெரிய பேச்சு, அது சும்மா ஒரு வழக்கத்துக்குக் கேட்பது. கனகமணி மிஸ்ஸி நல்ல மனுசி, ஆனால் இந்த மருந்தைப் பற்றி அவருக்குத் தெரியாது. சிவப்பு நூல் குப்பி ஒன்றே போதும். அதில் நோய் அப்பட்டமாகத் தெரிந்தது. எழும்பி வெளியே போய் நின்றேன் என்று எழுதினேனே, அது தெரிந்ததனால்தான். தெரிந்த பிறகும், என் ராத்தாவின் பிள்ளைக்கு அப்படி இருக்காது, வெயில் பட்டதால் வந்தது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். உங்களிடம் நல்ல செய்தி சொல்லி வீட்டுக்குள் வரவேண்டும் என்ற அவசரம். பெரியவரிடம் காட்டினேன் என்றதும் பொய். காட்டியிருந்தால் அவர் பிடித்திருப்பார்.

அல்லாஹ்வின் மீது ஆணை, உங்கள் நோன்புக்கும் இதற்கும் சம்பந்தம் இல்லை. மச்சானுக்கும் இதை வாசித்துக் காட்டுங்கள். மன்னிப்புக் கேட்க எனக்கு வாயில்லை.

ஜவாஹிர்


மூதூர்
05.03.2000

ஜவாஹிருக்கு,

உன் கடிதத்தை மச்சானுக்கு வாசித்துக் காட்டினேன். முழுவதையும் கேட்டுவிட்டு எழும்பிப் போய், லைலாவின் நீலச் சட்டையை அலுமாரியில் வைத்துப் பூட்டினார். "அவன்ட பேர இந்த வீட்டில இனிக் கதைக்காத" என்றார்.

நீ ஆணையிட்டிருக்கிறாய். பொய்யாணை இட்டவனுக்கு என்ன கிடைக்கும் என்று வாப்பா நம் இருவருக்கும் ஒரே பாயில் வைத்துச் சொல்லித் தந்தார். அது தெரிந்த நீ பொய்யாணை இடமாட்டாய் என்று நம்புகிறேன். நம்பாவிட்டால் எனக்கு வேறு வழியில்லை. ஆகவே பிழை உன்னுடையது.

நீ கலியாணத்தில் செய்ததை நாங்கள் மன்னித்தோம். இதை என்னால் ஏலாது. வள்ளம் விட்டாலும் விடாவிட்டாலும் இந்தக் கரைக்கு நீ வரவேண்டாம். இனி எனக்கு எழுதவும் வேண்டாம், சரீப் நானாவிடமும் சொல்லிவிட்டேன்.

உன் கடிதம் வந்த அன்று அஸர் தொழுதேன். மஃரிபும் தொழுதேன். இப்போது ஒவ்வொரு வக்தும் தொழுகிறேன்.

ஸல்ஹா